ஈரம் போன பிறகே விறகு

2013 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நார்வேயின் அரசுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே. 12 மணி நேரம் விறகைப் பற்றியே ஒளிபரப்பியது. முதல் நான்கு மணி நேரம் மரம் வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது பற்றிய பேச்சு. மீதி எட்டு மணி நேரமும் ஒரு கணப்படுப்பில் கட்டைகள் எரிவதை மட்டும் காட்டினார்கள். ஐம்பது லட்சம் பேர் வாழும் நாட்டில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் ஏதாவதொரு நேரத்தில் அதைப் பார்த்தார்கள். நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே புகார்களும் வந்தன. சலிப்பூட்டுகிறது என்று யாரும் குறைப்படவில்லை. விறகடுக்கில் பட்டை மேற்பக்கம் இருக்கிறதே என்று பாதிப்பேருக்குக் கோபம். கீழ்ப்பக்கம் இருக்கிறதே என்று மீதிப்பேருக்குக் கோபம்.

லார்ஸ் மிட்டிங் என்ற எழுத்தாளர் 2011இல் வெளியிட்ட 'ஹெல் வெட்' என்ற நூல்தான் அந்த நிகழ்ச்சிக்குத் தூண்டுதல். நார்வே அணைகளும் அருவிகளும் நிறைந்த நாடு. அதன் மின்சாரத்தில் பெரும்பகுதி புனல் மின்சாரம். வீடுகளுக்குக் கதகதப்பு தருவதும் பெரும்பாலும் அதுவே. ஆனால் உட்பகுதிப் பள்ளத்தாக்குகளில் குளிர்கால இரவுகள் உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்குவதுண்டு. அப்படிப்பட்ட இரவில் மின்சாரம் நின்றுபோனால் வீட்டைக் காப்பது கொல்லைப்புறத்து விறகுதான். அதனால் ஒழுங்கான விறகடுக்கு வைத்திருப்பவருக்கு அங்கே ஊரில் மதிப்பு உண்டு.

பட்டை மேலா, கீழா என்ற வழக்கு நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அதன் அடியில் இருப்பது ஒரே கேள்வி: மரத்துக்குள் இருக்கும் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது? விறகைப் பற்றிய அறிவியலில் முக்கால் பங்கு இந்தக் கேள்விக்கான பதில்.

ஒரு கன மீட்டரில் 400 லிட்டர்

நார்வே அடுப்புகளின் தலையாய விறகு பிர்ச் மரம். வெட்டிய அன்று அதைத் தராசில் வைத்தால் எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் தண்ணீர். இடைவெளியில்லாத ஒரு கன மீட்டர் பிர்ச்சில், நீரெல்லாம் நீங்கிய மரப்பொருள் சுமார் 500 கிலோ இருக்கும். பச்சையாக இருக்கும்போது அதோடு 400 லிட்டருக்கு மேல் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. அடுப்புக்கு ஏற்ற பதம் என்று பொதுவாக ஏற்கப்படுவது 20 சதவீத ஈரம். அந்தப் பதத்தில் 125 லிட்டர்தான் மிச்சம் இருக்கும். ஆக, ஒவ்வொரு கன மீட்டரிலிருந்தும் ஏறத்தாழ 280 லிட்டர் வெளியேறியாக வேண்டும். அதை எந்த மோட்டாரும் இறைக்காது. காற்றுதான் இறைக்க வேண்டும்.

அந்த நீர் மரத்தில் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்களின் உட்குழிகளில் தேங்கியது ஒன்று. செல்சுவர்களோடு பிணைந்தது மற்றொன்று. குழியில் தேங்கியது முதலில், ஓரளவு எளிதாகப் போய்விடும். அதுவரை கட்டையின் எடை குறையுமே தவிர, பருமன் குறையாது. உலர்ந்த மரப்பொருளின் எடையில் சுமார் 30 சதவீதம் என்ற அளவுக்கு நீர் இறங்கும்போதுதான் சுவரில் பிணைந்தது விடுபடத் தொடங்கும். அப்போதிருந்து கட்டை சுருங்குகிறது. எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் உண்டாகும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் உண்டாவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த இழுபறியில் வெட்டுமுகம் நடுவிலிருந்து விரிந்து வெடிக்கிறது.

விறகு வாங்குபவர்கள் முனையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான். ஆனால் முனைகள் முதலில் காய்ந்துவிடுவதால் வெடிப்பு மட்டும் போதிய சாட்சி ஆகாது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்க வேண்டும். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரமானது பொத்தென்று அடங்கும். ஈரமானி வைத்திருப்பவர்கள் கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் அதன் ஊசிகளைக் குத்த வேண்டும். இரண்டு ஊசிகளுக்கிடையே உள்ள மின்தடையைக் கொண்டு ஈரத்தைச் சொல்லும் கருவி அது. வெயில்பட்ட வெளிமுகத்தில் குத்தினால் அது பொய் சொல்லும்.

கணக்குக்குள் வராத நஷ்டம்

முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ மரம் எரிந்தால் கிடைக்கும் வெப்பத்தை, மின்கட்டணத்தில் நாம் எண்ணும் யூனிட்டில் சொன்னால், 5 யூனிட்டுக்குச் சற்று மேல். எந்த மரமானாலும் கிலோவுக்கு இந்த எண் பெரிதாக மாறாது. நல்ல விறகு, மட்டமான விறகு என்று நாம் தரம் பிரிப்பது பெரும்பாலும் அடர்த்தியை வைத்துத்தான். பிர்ச்சில் உள்ள மரப்பொருளில் ஏறக்குறைய முக்கால் பங்கே அதே பருமனுள்ள ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் இருக்கிறது. அதனால் ஒரு கூடை ஸ்ப்ரூஸ் சீக்கிரம் எரிந்து தீர்கிறது.

இப்போது பச்சை விறகைப் பார்ப்போம். 45 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோவில் மரம் 550 கிராம்; அது தரக்கூடிய வெப்பம் ஏறத்தாழ 2.9 யூனிட். மீதி 450 கிராம் நீரைச் சூடாக்கி ஆவியாக்க 0.3 யூனிட் போதும். பத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குப் போகிறது. இவ்வளவுதான் நஷ்டம் என்றால் பச்சை விறகின் மேல் இத்தனை பழி எதற்கு? அடுப்பின் முன் உட்கார்ந்து ஊதியவர்களுக்குப் பதில் தெரியும்: பச்சை விறகு பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டு எரிவதில்லை, எரியவே மறுக்கிறது. கணக்கில் பிழையில்லை. அது வெப்பத்தின் அளவைச் சொல்கிறது. நெருப்பு உயிரோடு இருக்க வேண்டியதோ வெப்பநிலை.

மரம் அப்படியே எரிந்துவிடுவதில்லை. முதலில் 100 டிகிரியை ஒட்டி ஈரம் கொதித்து வெளியேறுகிறது. ஈரம் இருக்கும்வரை அந்த இடம் அதற்கு மேல் சூடேறாது. 200 டிகிரியைத் தாண்டிய பிறகு மரப்பொருள் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களும் தார் ஆவியும் வெளிவருகின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்கு அல்லது அதற்கு மேலும் இப்படி வாயுவாகிவிடும். எஞ்சுவதே கரியும் தணலும். நாம் பார்க்கும் சுவாலை, கட்டைக்கு வெளியே அந்த வாயு எரிவதுதான்.

மைக்கேல் ஃபாரடே 1860–61இல் லண்டனில் சிறுவர்களுக்காக மெழுகுவத்தியைப் பற்றி ஆற்றிய உரைகள் புகழ்பெற்றவை. அவற்றில் அவர் காட்டிய ஒரு சோதனை: மெழுகுவத்தியை அணைத்தவுடன் எழும் புகையில் தீக்குச்சியைக் காட்டினால், தீ அந்தப் புகை வழியாகவே கீழிறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். வீட்டில் எவரும் செய்து பார்க்கலாம். புகை என்பது எரியத் தவறிய எரிபொருள் என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் கிடையாது.

விறகிலிருந்து வரும் வாயுக்கள் முழுமையாக எரியச் சுமார் 600 டிகிரி வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். ஈர விறகு அடுப்பைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் வெப்பநிலை அந்த எல்லைக்குக் கீழே விழுகிறது. வாயுக்கள் எரியாமலே புகைபோக்கியில் ஏறுகின்றன. பத்தில் ஒரு பங்கு என்று தொடங்கிய நஷ்டம் இங்கேதான் வட்டி போட்டு வளர்கிறது. போகிற வழியில் தார் ஆவி குளிர்ந்து புகைபோக்கியின் உட்சுவரில் கரும்பிசினாகப் படிகிறது. அது தடித்துப்போன பிறகு ஒருநாள் தீப்பிடித்தால் உள்ளே 1,000 டிகிரி வரை வெப்பம் எழக்கூடும். சுவரில் ஒரு விரிசல் இருந்தால் வீடே பற்றிக்கொள்ளும். நார்வேயில் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்வதும் சோதிப்பதும் உள்ளாட்சிகளின் பொறுப்பாக இருப்பது சும்மா அல்ல.

வெட்டும் கோடாலி வேறு, பிளக்கும் கோடாலி வேறு

மரத்தைச் சாய்ப்பதே ஒரு பொறியியல். விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டப்படும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து இயந்திர ரம்பம் உள்ளே வரும். ஆனால் அது முழுவதும் அறுத்துவிடக் கூடாது. இரண்டு வெட்டுக்கும் நடுவே ஒரு கீற்று மரம் அறுபடாமல் நிற்க வேண்டும். மரம் சாயும்போது அந்தக் கீற்றுதான் கதவின் கீலாக வளைந்து, விழும் திசையைக் கட்டுப்படுத்துகிறது. அதை அறுத்துவிட்டவர்களின் மரம் தன் விருப்பத்துக்கு விழும். விறகு வேலையில் மிகப் பெரிய ஆபத்து இந்தச் சில விநாடிகளில்தான்.

சாய்ந்த மரத்தை நார்வேயில் வழக்கமாக 30 சென்டிமீட்டர் துண்டுகளாக அறுக்கிறார்கள். அடுப்பின் வாய்க்குப் பொருந்துவது ஒரு காரணம். மரத்தின் செல்கள், ஒரு கட்டு நாணலைப் போல, நெடுக்குவாட்டில் நீண்டு கிடக்கின்றன. அதனால் நீர் பக்கவாட்டில் கசிவதைவிட முனைகள் வழியே பல மடங்கு வேகமாக வெளியேறும். துண்டு குட்டையானால் நீர் கடக்க வேண்டிய தூரமும் குறைகிறது.

அடுத்தது பிளப்பது. மரத்தை வெட்டும் கோடாலிக்கு மெல்லிய, கூரிய வாய். அது நார்களைக் குறுக்கே அறுக்க வேண்டும். பிளக்கும் கோடாலிக்குத் தலை கனத்து ஆப்பு வடிவில் இருக்கும்; அது நார்களுக்கு இடையே புகுந்து விலக்கினால் போதும். நெடுக்கில் மரம் உறுதியானது. நாருக்கும் நாருக்கும் இடையிலான பிடிப்பு அதைவிட மிகப் பலவீனமானது. விரிசல் ஒருமுறை தொடங்கிவிட்டால் கோடாலியின் வாய்க்கு முன்னால் தானே ஓடும். கணு வந்தால் நின்றுவிடும். அங்கே கிளையின் நார்கள் தண்டின் நார்களுக்குக் குறுக்கே ஓடுகின்றன. உறைபனியில் கட்டைக்குள் உள்ள நீர் உறைந்து மரம் விறைத்துப்போவதால், கடுங்குளிர் நாளில் ஒரே வீச்சில் இரண்டாகும் கட்டைகள் பல.

பிர்ச்சைப் பொறுத்தவரை பிளப்பது கட்டாயம். அதன் வெண்பட்டை தண்ணீரை விடாது. மண்ணும் புல்லும் போர்த்திய பழைய நார்வே வீட்டுக் கூரைகளுக்கு அடியில் நீர் இறங்காமல் இருக்கப் பரப்பப்பட்டது இந்தப் பட்டைதான். காஷ்மீரத்துப் பழஞ்சுவடிகள் எழுதப்பட்டதும் இம்மரத்தின் இமயமலை உறவினத்துப் பட்டையில்தான். வெளித்தண்ணீரை உள்ளே விடாத பட்டை உள்தண்ணீரையும் வெளியே விடாது. பிளக்காமல் உருளையாகக் கிடக்கும் பிர்ச், ஓர் ஆண்டுக்குள் உள்ளேயே மக்கத் தொடங்கிவிடும்.

வசந்தத்தைத் தவறவிட்டால்

பின்பனிக் காலத்தில், தளிர் விடுவதற்கு முன், மரம் வெட்டுவது அங்கே பழைய வழக்கம். கட்டைகளை இழுத்துவரப் பனித்தரை வசதி. இலை உதிர்ந்த கிளைகளில் வேலையும் எளிது. எல்லாவற்றுக்கும் மேலாக, வசந்தம் வருவதற்குள் பிளந்து அடுக்கிவிடலாம். குளிர்காற்றில் நீராவி குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் சூரியன் அந்தக் காற்றைச் சூடாக்கும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் வெகுவாக இறங்கிவிடுகிறது. நார்வேயின் உட்பகுதிகளில் ஆண்டிலேயே காற்று மிக வறண்டிருப்பது அப்போதுதான். இலையுதிர் காலம் வந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். அப்போது அடுக்கிய பச்சை விறகு மிக மெதுவாகவே காயும். வசந்தத்தைத் தவறவிட்டவர்கள் கிட்டத்தட்ட ஓர் ஆண்டையே தவறவிடுகிறார்கள். நல்ல இடத்தில் அடுக்கிய பிளந்த பிர்ச் ஒரே கோடையில் பதமாகிவிடும். அடர்ந்த ஓக் மரத்துக்கு இரண்டு ஆண்டுகளும் ஆகலாம்.

காலம் தாழ்த்தி வெட்டுபவர்களுக்கு இன்னொரு பழைய உத்தி உண்டு. இலை முழுவதும் விரிந்த பிறகு மரத்தைச் சாய்த்து, கிளைகளைக் கழிக்காமல் சில வாரங்கள் அப்படியே போட்டுவிடுகிறார்கள். மரம் விழுந்தது இலைகளுக்குத் தெரியாது. அவை நீராவியை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அந்த இழுவையில் தண்டிலுள்ள நீர் குறையும். இலைகள் முற்றிலும் வாடியதும் கிளைகளைக் கழித்து அறுக்கிறார்கள்.

அடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, வெயிலைவிடக் காற்றோட்டம் முக்கியம் என்பதே. கட்டையிலிருந்து வெளிவந்த நீராவி அங்கேயே தங்கினால் உலர்தல் நின்றுபோகும். அதனால் அடுக்கு தரையில் படாமல் சட்டங்களின் மேல் இருக்க வேண்டும். மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். தார்ப்பாயால் சுற்றிக் கட்டிவைத்தால் உள்ளே பூஞ்சைதான் விளையும். பட்டை வழக்கில் இரு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. திறந்த வெளியில் பட்டை மேற்பக்கம் இருந்தால் மழைநீரை வழித்துவிடும். கூரை இருந்தால், பிளந்த முகம் மேல்நோக்கி இருப்பது ஈரம் போக உதவும் என்பது மறுதரப்பின் வாதம். நல்ல கூரையும் காற்றும் கிடைத்த அடுக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

கொளுத்த வேண்டியது உச்சியில்

காய்ந்த விறகையும் கெடுத்து எரிக்க முடியும். நாம் பழக்கத்தில் அடியில் தீ வைக்கிறோம். மேலே உள்ள குளிர்ந்த கட்டைகள் வாயுவை விடத் தொடங்கும்போது அதை எரிக்க மேலே தீ இருப்பதில்லை. நார்வேயில் இப்போது வலியுறுத்தப்படும் முறை, பெரிய கட்டைகளை அடியில் வைத்து, சிராய்களை உச்சியில் அடுக்கி, அங்கே கொளுத்துவது. தீ மெல்லக் கீழிறங்கும். கீழிருந்து எழும் வாயு சுவாலையைக் கடந்தே போக வேண்டியிருப்பதால் வழியிலேயே எரிந்துவிடும். இரவு முழுக்கக் கனியட்டும் என்று காற்றுத் திறப்பை இறுக்கி மூடுவது இதற்கு நேரெதிர். விறகு மிச்சமாவதாகத் தோன்றும். உண்மையில் அது புகையாகக் கூரைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்.

அடுப்பின் அமைப்பும் மாறியிருக்கிறது. 1998 முதல் நார்வேயில் விற்கப்படும் புதிய விறகடுப்புகள் துகள் வெளியேற்ற வரம்புக்குள் இருந்தாக வேண்டும். இவற்றில் சூடேற்றப்பட்ட இன்னொரு காற்றோட்டம் சுவாலைக்கு மேலே நுழைந்து, தப்பிப்போகும் வாயுக்களை இரண்டாம் முறை எரிக்கிறது. பெர்கன் நகரம் 2021 முதல் பழைய வகை அடுப்புகளைத் தடைசெய்துவிட்டது. அதே ஆண்டு மே 1 முதல் இங்கிலாந்தில், இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குக் காரணம் நுரையீரல். நார்வேயில் 2.5 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள்களைக் காற்றில் கலக்கும் மூலங்களில் முதலிடம் வீட்டு விறகடுப்புகளுக்கு. காட்டைப் பொறுத்தவரை அந்த நாட்டின் கணக்கு அவ்வளவு மோசமில்லை. உலகிலேயே முதன்முதலாக 1919இல் தேசிய அளவில் காடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கிய நாடு அது. அன்றிலிருந்து அங்கே நிற்கும் மரத்தின் அளவு ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது. ஆனால் வெட்டிய மரம் மீண்டும் வளர்ந்து கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் என்ற ஆறுதல், இன்று இரவு புகையைச் சுவாசிக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு உதவாது.

நம் பக்கம் பிரச்சினை கணப்பு அல்ல, சமையல். வீட்டுக்குள் விறகு, சாணம், கரி போன்றவற்றை எரிப்பதால் வரும் காற்று மாசு 2020இல் உலகில் 32 லட்சம் பேரின் சாவுக்குக் காரணமானது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. எரிவாயு வாங்க முடியாத வீட்டுக்கு அதுதான் உண்மையான தீர்வு. காய்ந்த விறகு அதற்கு மாற்றல்ல. ஆனால் எரிவாயு வரும்வரை, அடைமழைக்கு முன்பே கூரைக்கடியில் அடுக்கிய விறகு புகையைக் கணிசமாகக் குறைக்கும்.

நீலகிரியின் பாக்கி

வீட்டைச் சூடாக்க விறகு எரித்த சரித்திரம் தமிழகத்துக்கும் உண்டு. உதகையிலும் குன்னூரிலும் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களின் கணப்படுப்புகளுக்கும் சமையலறைகளுக்கும் சோலைக்காடுகள் இரையாயின. விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆஸ்திரேலியாவின் கற்பூர மரமும் சீகை மரமும் கொண்டுவந்து நடப்பட்டன. விறகு கிடைத்தது, ஆனால் சீகை புல்வெளிகளுக்குள் பரவிப் பெருகிவிட்டது. அயல் மரங்களை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது.

இன்று அந்த மலையில் விறகின் பெரிய வாடிக்கையாளர்கள் தேயிலைத் தொழிற்சாலைகள். இலையை உலர்த்தும் வெப்பத்துக்கு அவை விறகை நம்பியிருக்கின்றன. நார்வேயில் விறகு கன அளவிலும் 40, 60 லிட்டர் மூட்டைகளிலும் விற்கப்படுகிறது. மூட்டைக்குள் ஈரம் கூடினாலும் மரத்தின் அளவு பெரிதாகக் குறையாது. நம் ஊரில் விறகுக்குத் தராசுதான் நீதிபதி. 45 சதவீத ஈரத்தோடு வாங்கும் ஒரு டன் விறகிலிருந்து அதிகபட்சம் சுமார் 2,500 யூனிட் வெப்பம் எடுக்கலாம். 20 சதவீத ஈரத்தில் அதே ஒரு டன் 4,000 யூனிட் தரும். எடைக்கு விலை ஒன்றாக இருக்கும்வரை காய வைத்துக் கொண்டுவருபவருக்கு நஷ்டம், வெட்டிய கையோடு லாரியில் ஏற்றுபவருக்கு லாபம். ஈரமானியின் விலை பெரிய தொகையல்ல. எடை போடும் இடத்தில் அதையும் வைத்து, ஈரத்துக்கு ஏற்ப விலையைக் குறைத்தால், விறகை உலர்த்தும் வேலையை விற்பவரே ஏற்றுக்கொள்வார்.